சியோலும் சூவோனும்: கொரிய வெயிலில் ஒரு வார இறுதி

2025 ஜூலை 25, வெள்ளி

மதியம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எல்லார் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி வந்து விழுந்தது. எங்களுக்குத் துணையாக இருக்கும் கொரிய மாணவி படித்துச் சொன்னாள்: வெப்ப அலை எச்சரிக்கை, வெளி வேலைகளைக் குறைத்துக்கொள்ளவும், தண்ணீர் நிறையக் குடிக்கவும், தனியாக இருக்கும் வயதானவர்களை ஒருமுறை விசாரிக்கவும். கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. போன வாரம் முழுக்க இங்கே மழை கொட்டித் தீர்த்தது, அது ஓய்ந்ததும் வானம் கழுவி விட்டமாதிரி ஆகி வெயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் சிவில் படிக்கிறவர்கள், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய கோடைக்கால வகுப்புக்காக சியோல் வந்திருக்கிறோம். வகுப்பு, ஆய்வகம், விடுதி, மறுபடி வகுப்பு என்றே ஓடிக்கொண்டிருந்ததால் நாளையும் மறுநாளும் ஊர் சுற்றுவது என்று ஒரே முடிவாக எடுத்தாயிற்று. ராத்திரி மாணவர் உணவகத்தில் சோறு, முள்ளங்கி சூப், கிம்ச்சி, வறுத்த நெத்திலி, 5,500 வோன். நம்ம காசுக்கு 340 ரூபாய் சுமார். என்னோடு வந்திருக்கும் ஜூனியர் சைவம், நெத்திலியை என் தட்டில் தள்ளிவிட்டு "அக்கா, நாளைக்காவது எனக்கு வயிறார ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைத்தது, அதைச் சொல்கிறேன்.

ஜூலை 26, சனி

ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை உடுத்தியிருந்தால் கியோங்போக்குங் அரண்மனைக்குள் இலவசம், இல்லையென்றால் 3,000 வோன். வாடகைக்கு எடுக்க 20,000 வோன் ஆகும் என்பதால் இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, ஆனால் அதை உடுத்துகிற அனுபவத்துக்காகவே போகலாம். கடையில் ஒரு அம்மா என்னை நிற்க வைத்து முதலில் கம்பி வளையம் வைத்த உள்பாவாடை, அதன்மேல் நெஞ்சுவரை ஏறும் கரும்பச்சைப் பாவாடை, அப்புறம் குட்டையான மேல்சட்டை என்று ஒவ்வொன்றாகப் பூட்டினார். சட்டையின் முன்பக்கத்தில் இரண்டு நீளமான நாடாக்கள் தொங்கும். அவற்றைக் குறுக்காகப் போட்டு, ஒரே ஒரு காது மட்டும் வருகிற மாதிரி முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி நீவிவிட்டார். மூன்று நொடி கூட ஆகவில்லை. நான் வெளியே வந்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தேன், அந்த அழகு வரவில்லை. கொரிய மாணவிக்கும் வரவில்லை, அவள் பாட்டிதான் பண்டிகைக்குக் கட்டிவிடுவாராம்.

கியோங்போக்குங் அரண்மனை 1395இல் கட்டியது, 1592 ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, அதற்கப்புறம் இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பாழாகவே கிடந்து, 1867இல்தான் திரும்பக் கட்டி முடித்தார்கள். பிறகு காலனி ஆட்சியில் ஜப்பான்காரர்கள் நிறையக் கட்டடங்களை இடித்துவிட்டு, சிம்மாசன மண்டபத்தை மறைக்கிற மாதிரி முன்னாலேயே தங்கள் தலைமை அலுவலகத்தை 1926இல் கட்டி வைத்தார்கள். அதைக் கொரியர்கள் 1995இல் இடிக்கத் தொடங்கி அகற்றினார்கள். ஒரு கட்டடத்தைப் பாதுகாப்பது மட்டுமில்லை, ஒரு கட்டடத்தை இடிப்பதும் சில நேரம் வரலாற்றைக் காப்பாற்றுகிற வேலைதான் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னது அங்கே நின்றபோது நன்றாகப் புரிந்தது.

சிம்மாசன மண்டபத்தின் முன்னால் பெரிய கல் முற்றம். இரண்டு வரிசையாகக் குட்டிக் கற்கள் நட்டு வைத்திருக்கிறார்கள், எந்தத் தர அதிகாரி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம், கிழக்கே சிவில் அதிகாரிகள், மேற்கே படைத்துறையினர். கூட்டமெல்லாம் அந்தக் கற்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைவிடத் தரைதான் சுவாரசியம். தளக்கற்களை வழவழவென்று இழைக்காமல் கரடுமுரடாகவே விட்டிருக்கிறார்கள். வெயில் கண்ணில் தெறிக்காது, மழையில் கால் வழுக்காது. தரை லேசாகச் சரிந்து போவதால் தண்ணீர் தேங்காமல் கற்களின் இடுக்கு வழியாக ஓடிவிடும். அங்கங்கே தரைக்கல்லில் இரும்பு வளையங்கள் பதித்திருக்கின்றன. எதற்கு என்று கேட்டால், விழா நாட்களில் கூடாரத் துணி கட்டுவதற்காம், அதன் கயிறுகளை இந்த வளையங்களில்தான் இழுத்துக் கட்டுவார்கள். குனிந்து ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை உடனே எடுத்துவிட்டேன், அப்படிக் கொதித்தது. இன்று துணி இல்லை. போன் 36 டிகிரி என்று காட்டியது, அந்த முற்றத்தில் நிழல் என்று ஒரு சாண்கூட இல்லை.

அங்கேதான் ஜூனியருக்குத் தலை சுற்றியது. ஒன்பது முழம் துணியும் கம்பி வளையமுமாக நின்றவள் திடீரென்று என் தோளைப் பிடித்துக்கொண்டு "அக்கா, கண்ணு இருட்டுது" என்றாள். நானும் கொரிய மாணவியும் கைத்தாங்கலாகச் சுற்று மண்டபத்து நிழலுக்குக் கூட்டிப்போனோம். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, சுருட்டை முடி, பூப்போட்ட சட்டை, எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். யார் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து சின்னத் துண்டில் சுற்றிய தண்ணீர் பாட்டிலை எடுத்தார், முழுக்க உறைந்த ஐஸ். அதை அவள் பிடரியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசிறியால் வீசினார். ஜூனியர் கண் திறந்து சிரித்ததும் மேல்சட்டை நாடாவை ஒரே இழுப்பில் தளர்த்திவிட்டுக் கொரிய மாணவியை ஏதோ திட்டினார். இந்த வெயிலில் வெளியூர்ப் பிள்ளைகளை எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாராம். அவள் இரண்டு கையும் முன்னால் சேர்த்து, தலை குனிந்து, ஆமாம் பாட்டி, சரி பாட்டி என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது பாட்டிலை எங்களிடமே கொடுத்துவிட்டார். ஜூனியர் அதை இரண்டு கையாலும் வாங்கினாள், இங்கே பெரியவர்களிடம் அப்படித்தான் வாங்க வேண்டும், நம் வீட்டிலும் அப்படித்தானே. பாட்டிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அதற்கு மேல் யாரும் ஹான்போக்கில் இருக்க விரும்பவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

கொங்குக்சூ என்று ஒன்று இருக்கிறது, கொரியா வருகிற சைவக்காரர்கள் எல்லாரும் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோயா பீன்ஸை வேகவைத்து மையாக அரைத்து, கெட்டியான பாலாக்கிக் குளிர வைத்து, அதில் கோதுமை நூடுல்ஸைப் போட்டு, மேலே நறுக்கிய வெள்ளரிக்காயும் எள்ளும். கோடையில் மட்டும்தான் நிறையக் கடைகளில் கிடைக்கும். உப்பு அவர்கள் போடுவதில்லை, மேசையில் இருக்கும், வேண்டியதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மேலே பாதி முட்டை வைப்பார்கள் என்பதால் அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். 12,000 வோன், 750 ரூபாய், குறைந்த விலை இல்லைதான். ஆனால் ஜூனியர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கூட வந்த கிம்ச்சியை அவள் தொடவில்லை, பெரும்பாலும் அதில் மீன் சாறோ இறால் ஊறலோ சேர்த்திருப்பார்கள், கேட்காமல் சாப்பிட வேண்டாம். நான் நெங்மியோன் வாங்கினேன், மாட்டிறைச்சிச் சாற்றில் ஐஸ் துகள் மிதக்கும், பக்வீட் நூடுல்ஸ், கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டிக் கொடுத்தார்கள். வினிகரும் கடுகு விழுதும் விட்டுக் கலக்கிய பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. தண்ணீரை நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஸ்பூன் மேசைக்கு அடியில் இருக்கும் இழுப்பறையில், தொட்டுக்கொள்ள வைக்கிற வகைகளை எத்தனை தடவை கேட்டாலும் காசில்லை, டிப்ஸ் கிடையவே கிடையாது.

மதியம் புக்சோன். பழைய ஓட்டு வீடுகள் நிறைந்த மேட்டுத் தெரு, எல்லாப் படங்களிலும் வருவதுதான். மக்கள் உள்ளே குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வருகிறவர்கள் மறந்துவிடுவதால், கூட்டம் அதிகமான பகுதிக்குள் சாயங்காலம் 5 மணியிலிருந்து காலை 10 வரை சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் ஒரு லட்சம் வோன் வரை அபராதம். நல்ல சட்டம். நாங்கள் இருந்தபோதும் பெட்டியை உருட்டிக்கொண்டு கத்திப் பேசியபடி ஒரு கூட்டம் போனது, ஒரு வீட்டுச் சன்னல் டப் என்று சாத்தப்பட்டது. அரை மணியில் கிளம்பிவிட்டோம்.

திரும்பும் வழியில் குவாங்வாமுன் சதுக்கம். தரையிலிருந்து தண்ணீர் பீறிடும் நீரூற்றுகளில் குழந்தைகள் சட்டையோடு நனைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள், தாத்தா பாட்டிகள் மாற்றுத் துணியும் துண்டுமாக ஓரத்தில் காத்திருந்தார்கள். செஜோங் மன்னர் சிலை அங்கேதான். 1443இல் கொரிய எழுத்தை உருவாக்கி 1446இல் வெளியிட்டவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் சிலைக்கு முன்னால் வைத்திருக்கும் மூன்று கருவிகளை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதில் ஒன்று மழைமானி, 1441இல் அவர் காலத்தில் வந்தது. ஊர் ஊராக அதே அளவு உருளையை வைத்து மழையை அளந்து தலைநகருக்கு அறிக்கை அனுப்ப வைத்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நான் நெடுநேரம் நின்றேன்.

சாலை கடக்கும் இடங்களில் எல்லாம் பெரிய பச்சைக் குடை நட்டிருக்கிறார்கள், சிக்னலுக்குக் காத்திருப்பவர்கள் தலைக்கு. சோச்சோ என்ற வட்டாரம் 2015இல் ஆரம்பித்ததாம், இப்போது ஊர் முழுக்க. பதினைந்து பேர் நிழலுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறோம், ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு வந்ததும் எல்லாரும் ஒரு அடி ஒதுங்கினார்கள், குடைக்கு வெளியே போனவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பஸ்ஸில் ஏறப் போனபோது எங்களோடு வந்த வியட்நாம் தோழி கையில் ஐஸ் காபி கோப்பை இருந்தது. ஓட்டுநர் கையால் வேண்டாம் என்றார், சியோல் பஸ்ஸில் திறந்த கோப்பைக்கு அனுமதி இல்லை. தெருவில் குப்பைத் தொட்டியும் அபூர்வம், 1995இல் குப்பையை அளவு பார்த்துக் காசு கட்டிப் போடும் முறை வந்ததிலிருந்தே தொட்டிகளைக் குறைத்துவிட்டார்கள். காபியைக் குடித்து முடித்து, கோப்பையைப் பையில் திணித்து, அடுத்த பஸ்.

ஜூலை 27, ஞாயிறு

சூவோன். சியோலிலிருந்து லைன் 1 ரயிலில் தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். ரயில் நிரம்பி வழிந்தாலும் மூத்தவர்களுக்கான ஓரத்து இருக்கைகளில் இளவட்டம் யாரும் உட்காரவில்லை, காலியாகவே வந்தன.

இந்தப் பயணத்தில் எனக்கு எது முக்கியம் என்று கேட்டால் இங்கே இருக்கும் ஹ்வாசோங் கோட்டைதான். சாதோ என்ற இளவரசரை அவருடைய அப்பாவே, மன்னரே, 1762இல் அரிசிப் பெட்டிக்குள் போட்டு மூடிச் சாகடித்தார். அந்த இளவரசரின் மகன் பிறகு மன்னரானார், ஜியோங்ஜோ. அவர் அப்பாவின் கல்லறையை 1789இல் சூவோன் பக்கம் நல்ல இடத்துக்கு மாற்றி, அதற்கு அருகில் புது நகரத்தையும் அதைச் சுற்றி ஹ்வாசோங் கோட்டையையும் எழுப்பினார். 1794இல் தொடங்கி 1796இல் முடிந்தது, சுற்றளவு 5.7 கிலோமீட்டர். ஜியோங் யாக்-யோங் என்ற இளம் அறிஞர் கப்பிகள் வைத்த தூக்கு இயந்திரத்தை வடிவமைத்துக் கொடுத்தார், அதன் மாதிரி இப்போதும் பார்வைக்கு இருக்கிறது. மேலே நாலு கப்பி, கீழே நாலு கப்பி, இரண்டு பக்கமும் ராட்டை. நாங்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று கயிறு எப்படிப் போகிறது என்று விரலால் தொடர்ந்துகொண்டே இருந்தோம், காவலாளி சிரித்தார்.

ஆனால் என்னை உலுக்கியது இயந்திரம் இல்லை, கணக்குப் புத்தகம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் எழுதி 1801இல் அச்சிட்டிருக்கிறார்கள். எந்தக் கல் எங்கிருந்து வந்தது, ஆணி என்ன விலை, ஒவ்வொரு வாசலின் படம், இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தின் படம். கொரியப் போரில் கோட்டை பெரிதாகச் சேதமான பிறகு 1970களில் அந்தப் படங்களை வைத்துத்தான் திரும்பக் கட்டினார்கள், 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதற்கும் அந்த ஆவணம் பெரிய பலம். அதைவிட, வேலை செய்தவர்கள் பெயர்! கல் தச்சர்கள் மட்டும் 600க்கு மேல், தச்சர், கொத்தர், கொல்லர், சித்திரக்காரர் என்று தொழில்வாரியாகப் பெயரும் எத்தனை நாள் வேலை என்பதும் இருக்கிறது. மரியாதையான பெயர் இல்லாத ஏழை ஆட்களைக்கூட ஊரில் கூப்பிடுகிற மாதிரியே பெரியவன், சின்னவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டாய உழைப்பு இல்லை, கூலி கொடுத்திருக்கிறார்கள், அரை நாள் வேலைக்கும் கணக்கு உண்டு.

இன்னொன்று. 1794 கோடையில் கடும் வெப்பம், ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். அப்போது மன்னர் வெப்பத்துக்கான மாத்திரை 4,000 செய்யச் சொல்லி வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பினார். இதை எங்கள் கொரிய மாணவி பால்தால்சான் குன்றின்மேல், படைத்தலைவர் நின்று பார்க்கும் மேடையின் நிழலில் உட்கார்ந்து சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று ஜூனியரைத் தாங்கிப் பிடித்த கை இன்னும் வலிக்கிறது, இருநூறு வருடத்துக்கு முன்னால் இதே வெயிலில், இதே கல்லை மேலே ஏற்றியவர்களுக்கு மயக்கம் வரும் என்று ஒரு ராஜா யோசித்திருக்கிறார், அதை ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார்.

இறங்கும்போது வியட்நாம் தோழியின் செருப்பு வார் அறுந்தது. கீழே சாலையோரம் பெட்டி போன்ற சின்னக் கூண்டில் செருப்பு தைக்கிற தாத்தா இருந்தார். தன் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தடித்த ஊசியால் நாலு தையல் போட்டு, பசை தடவி, கட்டையால் தட்டிக் கொடுத்தார். 3,000 வோன். அவள் மீதி வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டு எண்ணிக் கையில் வைத்தார்.

ஹ்வாஹோங்முன் என்பது ஓடைக்கு மேல் ஏழு வளைவுகளோடு நிற்கும் நீர்வாசல், மேலே மண்டபம். அதற்குப் பக்கத்து மேட்டில் இன்னொரு மண்டபம், கீழே குளம். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் ஏறி உட்கார்ந்தால் நாலு பக்கமும் காற்று. ஏற்கெனவே அங்கே ஒரு குடும்பம் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் தர்பூசணி ஒன்று 30,000 வோன் வரை போகிறது, கிட்டத்தட்ட 1,900 ரூபாய், கடையில் விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தது உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் ஆளுக்கு ஒரு துண்டு, அதுவும் நடுத்துண்டாகப் பார்த்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல முடியாத நீட்டல் அது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார், சென்னை என்றதும் முகம் மலர்ந்தது. அவர் தம்பி மருமகன் கார் தொழிற்சாலை வேலையாக அங்கே சில வருடம் இருந்தாராம், அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். இதே மாதிரிதான், ஆனால் நாலு மாதம் என்றேன். இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் பால்தால்முன் என்ற கோட்டை வாசல் பக்கத்துக் கோழித் தெரு. பெரிய இரும்பு அண்டாவில் முழுக்கோழியை அப்படியே பொரித்து எடுக்கிறார்கள், 20,000 வோன், நாலு பேருக்குத் தாராளம். ஜூனியருக்கு அங்கே ஒன்றும் இல்லை, பாவம், பக்கத்துச் சந்தையில் சோளமும் வறுத்த கடலையும் வாங்கிக்கொண்டாள். கடைகளின் கண்ணாடியில் எல்லாம் அரசாங்கக் கூப்பன் செல்லும் என்று புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. இந்த வாரம்தான் மக்களுக்குத் தலைக்குக் குறைந்தது 1,50,000 வோன் கொடுத்திருக்கிறார்கள், சின்னக் கடைகளில் செலவழிப்பதற்கு. சந்தையில் கூட்டம் அலைமோதியதற்கு அதுவும் காரணம்.

ஜூலை 30, புதன்

இன்று ஜுங்போக், கோடையின் மூன்று உச்ச நாட்களில் நடு நாள். இன்று சம்கியேத்தாங் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம்: குட்டிக் கோழி முழுசாக, வயிற்றுக்குள் பசை அரிசி, ஜின்செங் வேர், பூண்டு, இலந்தை, மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க. வெளியே 18,000 வோன், கடை வாசலில் வரிசை. எங்கள் உணவகத்திலேயே மலிவாகப் போட்டார்கள். வேர்த்து ஊற்ற ஊற்றச் சாப்பிட்டோம். எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்று வருகிறது, உள்ளே இருக்கும் அரிசி சாற்றை எல்லாம் குடித்துக் கஞ்சி மாதிரி ஆகியிருக்கும், அதுதான் ருசியே. ஆய்வகத்தில் வேலை செய்யும் அண்ணன் என் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவரைவிட மூத்த பேராசிரியர் ஸ்பூனை எடுக்கும்வரை தன்னுடையதைத் தொடவில்லை.

சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் வளாகத்தில் புதுக் கட்டடம் எழும்புகிற இடத்தைப் பார்த்தேன். துணிப் பந்தலுக்கு அடியில் பெரிய விசிறி ஓட, தொழிலாளர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஐஸ் பெட்டி திறந்திருந்தது. உணவு இடைவேளையா என்று அண்ணனிடம் கேட்டேன். இல்லை, இந்த மாதம் 17ஆம் தேதியிலிருந்து புது விதி, உணரும் வெப்பம் 33 டிகிரியை எட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கட்டாய ஓய்வு, கொடுக்காத முதலாளிக்குத் தண்டனை என்றார். இதற்கு முன்னால் வெயிலில் எத்தனையோ பேர் செத்த பிறகுதான் இது வந்தது, விதி இருந்தும் சின்ன வேலையிடங்களில் பின்பற்றுவார்களா என்ற சந்தேகம் தனக்கு இருக்கிறது என்றும் சொன்னார்.

தமிழ்நாட்டில் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். இன்னும் ஓரிரு வருடத்தில் நானும் ஒரு சைட்டில் நிற்கப் போகிறவள். சித்தாள் வேலைக்கு வரும் அக்காக்கள் மதியம் ஒரு மணி வெயிலில் ஜல்லிக் கூடையோடு ஏணி ஏறுவதை இன்டர்ன்ஷிப்பில் பார்த்திருக்கிறேன். என் பொறுப்பில் வேலை நடந்தால் பந்தலும் தண்ணீரும் இருபது நிமிடமும் மதிப்பீட்டுப் பட்டியலிலேயே ஒரு வரியாக இருக்கும், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரும் முழுசாக இருக்கும். அண்ணனிடம் அந்த விதியின் ஆங்கில வடிவம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன், தேடி அனுப்புகிறேன் என்றார்.